‘உட்டுப்போட்டேன்’ என்ற சொல்லும் ஆய்வாளர் கயல்விழியும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் அப்துல் கையூம் அவர்களே, கயல்விழியின் ஆய்வு நெறியாளர் பேராசிரியர் பாலகோபால் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆறுச்சாமி ஐயா, பாவாத்தாள் அம்மா, துடியலூர் மில் தொழிலாளர் குடும்பத்தாரே, ஆனைமலைப் பக்கமிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மாரே, என்னோடு படிக்கும் தோழர்களே, உங்கள் எல்லோர் முன்னாலும் கைகூப்பி நிற்கிறேன்.

என் பெயர் தமிழ்ச்செல்வன். உடுமலைப்பேட்டைக்காரன். மொழிபெயர்ப்புத் துறையில் ஆய்வு செய்கிறேன். கயல்விழியின் மேசையும் என் மேசையும் ஒரே ஜன்னலுக்குக் கீழே இருந்தன. அந்த உரிமையில்தான் இங்கே நிற்கிறேன். வேறு தகுதி எனக்கு இல்லை.

பேசுவதற்காக நேற்றே எழுதி வைத்தேன். சட்டைப்பையில் இருக்கிறது. ‘ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு’ என்று தொடங்குகிறது. கயல்விழி அதைப் பார்த்திருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் ‘இது யாருடைய பேச்சு?’ என்று எழுதியிருப்பாள். என் ஆய்வேட்டின் ஓரங்களிலெல்லாம் அந்தக் கேள்விதான் இருக்கிறது. ஆகவே எழுதியதை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கயல்விழியை ஆஸ்பத்திரியிலிருந்து இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தோம். நீங்கள் பலர் அங்கே இருந்தீர்கள். பாவாத்தாள் அம்மா மகளின் முகத்தைத் தடவிக்கொண்டே அழுதார். அவர் சொன்னதை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே திரும்பச் சொல்கிறேன். “காய்ச்சலோட போறாளே, தடுக்காம நானே பஸ் ஏத்தி உட்டுப்போட்டேன். எம் புள்ளைய நானே கொன்னுபோட்டேன்.”

அந்த வாசலில் தெருவே நின்றது. யாராவது அவரைச் சந்தேகமாகப் பார்த்தோமா? கொன்றேன் என்கிறாளே என்று யாராவது ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக்கொண்டோமா? இல்லை. நாலு பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். பெற்றவள் பிள்ளையைப் பறிகொடுத்தால் அப்படித்தான் சொல்வாள் என்று நமக்குத் தெரியும். அது நம் பேச்சு.

இதே சொல்லைச் சொல்லி அழுத இன்னொரு தாய் இன்று வேலூர்ச் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறாள். அவள் பெயர் மாரியாத்தாள். ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் கூலி வேலை செய்தவள். ‘கயல்விழி என்னதான் ஆராய்ச்சி செய்தாள், பாவம், அதற்காகவா இப்படி அலைந்தாள்?’ என்று இந்தச் சில நாட்களாக என்னைக் கேட்கிறவர்களுக்கு, இந்த மாரியாத்தாளைத்தான் நான் பதிலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆறுச்சாமி ஐயாவின் பெற்றோர் தோட்டத்து வேலைக்காரர்கள். ஐயா துடியலூருக்கு வந்து மில்லில் சேர்ந்தார். அவர் மகள் எம்.ஏ. மொழியியல் முடித்து, ஆய்வுக்குப் பதிவு செய்தாள். வட்டாரப் பேச்சு நீதிமன்றத்துக்குள் போகும்போது என்ன ஆகிறது, மனித உரிமைச் சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது பொருள். மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். கயல்விழி, உலக நாடுகள் கையெழுத்திட்ட உரிமை உடன்படிக்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தாள். ஒரு வரியை எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினாள். நானும் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன். ‘குற்றஞ்சாட்டப்பெற்றவர் தாம் விளங்கிக்கொள்ளும் மொழியில் குற்றச்சாட்டின் தன்மை அறிவிக்கப்பெறும் உரிமையுடையவர்.’

ஐயா கேட்டுவிட்டுச் சொன்னார்: “தமிழாட்டத்தான் இருக்குது அம்மணி. ஆனா எனக்கு ஒண்ணும் வெளங்குலயே.”

கயல் அதை அடித்துவிட்டு, ‘உன்மேல் என்ன குற்றம் சொல்கிறார்கள் என்று உனக்குப் புரிகிற பேச்சில் உன்னிடம் சொல்லியாக வேண்டும்’ என்று எழுதினாள்.

“இது செரி. இத எவன் செய்யறான்?” என்று கேட்டார் ஐயா.

“செய்யோணும்னு எழுதியிருக்குதுங்கப்பா. அதுவரைக்குந்தான் எனக்குத் தெரியும்” என்றாள்.

அவள் எழுதிய அந்தத் தமிழ்தான் இந்த ஊர் மில் வாசல்களில் படிக்கப்பட்டது. கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சட்டத்தை இப்படியும் சொல்லலாமா என்று வியந்தவர்கள் இருக்கிறீர்கள். கயல்விழிக்கு அதில் பெருமை ஏதும் இல்லை. வரியை எழுதுவது சுலபம், செல்வண்ணா, என்பாள் என்னிடம்.

ஆய்வுக்காக அவள் பழைய வழக்குக் கட்டுகளைத் தேடினாள். நம் தலைவர் கையூம் சார் தன் அலுவலகத்தைத் திறந்துவிட்டார். கீழ்க் கோர்ட்டில் தமிழில் இருக்கும் ஆவணங்களை மேல்முறையீட்டுக்காக ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புவார்கள். அந்தத் தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் கயலின் வேலை. அப்படிப் படிக்கும்போது, சிறையிலிருந்து இலவசச் சட்ட உதவி வழியாக சாரிடம் வந்திருந்த மாரியாத்தாளின் கட்டு அவள் கைக்கு வந்தது.

நடந்தது இதுதான். மாரியாத்தாளுக்குக் கணவன் இல்லை. நாலு வயதுப் பெண் குழந்தை. வேலைக்குப் போகிற இடத்துக்கு அதையும் கூட்டிப்போவாள். அன்றைக்குத் தோப்புக் கிணற்றுக்குப் பக்கத்தில், நிழலில் உட்கார வைத்துவிட்டுத் தேங்காய் பொறுக்கப் போனாள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. திரும்பி வந்தபோது குழந்தை இல்லை. தண்ணீரில் கிடந்தது. அவள் கிணற்று மேட்டில் விழுந்து அழுதாள். வந்தவர்கள் கேட்டார்கள், என்னம்மா ஆச்சு என்று. “கெணத்துக்கிட்ட புள்ளைய உட்டுப்போட்டேன். நானே கொன்னுபோட்டேன்” என்றாள்.

விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் அதை வாக்குமூலமாக எழுதினார். ‘கிணற்றுக்கிட்டே குழந்தையை விட்டு, போட்டேன். நானே கொன்று போட்டேன்.’ விட்டுப்போட்டேன் என்ற ஒரே சொல்லை இரண்டாக வெட்டி, நடுவில் ஒரு காற்புள்ளி வைத்தார். அது ஆங்கிலத்துக்குப் போனபோது, ‘குழந்தையைக் கிணற்றுக்குக் கொண்டுபோய் விட்டேன், உள்ளே போட்டேன், கொன்றேன்’ என்று பொருள் தரும் மூன்று வாக்கியங்களாகிவிட்டது. மூன்று செயல், மூன்று வினைமுற்று. படிக்கிற எவரும் கொலை என்றுதான் நினைப்பார்கள்.

அந்தக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கயல் கையூம் சாரின் அறைக்குள் போனாள். சார் இதைப் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

“சார், இந்தம்மா கொலை பண்ணலீங்க.”

“எதை வெச்சும்மா சொல்ற? சாட்சி யாராவது கிடைச்சாங்களா?”

“எங்கம்மா பொழுதன்னிக்கும் இப்படித்தானுங்க பேசுது. பாலைக் கொட்டிப்போட்டேன்னும். சாவியத் தொலைச்சுப்போட்டேன்னும். எனக்குச் சின்னதுல காய்ச்சல் வந்தப்ப, மழையில நனைய உட்டுப்போட்டேன்னு அழுதுச்சாமா. அந்தப் ‘போட்டேன்’ல போடறதே இல்லீங்க சார். ஐயோ இப்படி ஆயிருச்சேங்கறது மட்டுந்தான் இருக்குது.”

சார் அப்போது ஒரு கேள்வி கேட்டார். கீழ்க் கோர்ட்டில் நீதிபதி அவளிடமே நேராகக் கேட்டிருப்பாரே, நீ இப்படிச் சொன்னாயா என்று? கயல் அந்தப் பக்கத்தையும் எடுத்து வைத்திருந்தாள். கேட்டிருக்கிறார்கள். மாரியாத்தாளின் பதில் ஒரே சொல். “சொன்னனுங்க.”

நண்பர்களே, அவள் வேறு என்ன சொல்வாள்? சொன்னது உண்மைதானே? பொய் சொல்லத் தெரியாததால் அவள் உள்ளே போனாள். இதற்கு நான் யாரைக் குற்றம் சொல்ல? அந்த நீதிபதிக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு பழக்கமில்லை. எழுதியவர் கேட்டதைத்தான் எழுதினார். பெயர்த்தவர் எழுதியிருந்ததைத்தான் பெயர்த்தார். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்தார்கள். முடிவில் ஒரு தாய், பிள்ளையும் இல்லாமல், வெளியுலகமும் இல்லாமல் போனாள். யாருடைய சட்டையைப் பிடித்து உலுக்குவது என்று கயலுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஆய்வுக் குழுவின் முன் அவள் இதை வைத்தபோது நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ‘இது மொழியியலா, சட்டமா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்’ என்றார்கள். ஒருவர், ‘தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது பிழை வருகிறது என்கிறாய், சரி. அதற்கு எதற்கு இந்தக் கொச்சைப் பேச்சு?’ என்று கேட்டார். கயல் சொன்னாள்: “ஆங்கிலத்துக்குப் போகறதுக்கு முன்னாடியே தப்பு நடந்துருச்சுங்க ஐயா. தமிழ்லருந்து தமிழுக்கு எழுதும்போதே நடந்துருச்சு. அந்த அம்மாவுக்கும் கோர்ட்டுக்கும் தமிழ் தெரியும். அதனால ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு அர்த்தம் சொல்ல ஆள் வெக்கல.” பேராசிரியர் பாலகோபால் மட்டும் அன்று அவள் பக்கம் நின்றார். ஆய்வுத் தலைப்பு மாறாமல் நின்றதற்கு அவர் ஒருவரே காரணம்.

வேலூருக்கு முதல் தடவை போனபோது அவளோடு நானும் கையூம் சாரும் போனோம். மாரியாத்தாள் வந்து உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும், மூத்தவள்போல இருந்தாள். ஆங்கிலத்தில் அவள் பேரில் எழுதியிருந்ததைக் கயல் தமிழில் சொன்னாள். ஜெயிலுக்கு வந்து அத்தனை காலம் ஆகியும், தான் சொன்னதாக மேல் கோர்ட்டுக்குப் போயிருப்பது என்ன என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் கேட்கிறாள். அப்புறம் எழுதப்பட்ட தமிழையும் படித்துக் காட்டினாள்.

மாரியாத்தாள் அதைத் திரும்பவும் படிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: “நாஞ் சொன்ன வார்த்தை அப்படியேதானுங்களே இருக்குது. ஒரு எழுத்தும் மாறுலயே. பொறகு எப்படிங்க அம்மணி அர்த்தம் மாறுச்சு?”

கயல்விழி மொழியியல் படித்தவள், துணைவினை என்றும் முதல்வினை என்றும் மணிக்கணக்காகப் பேசக்கூடியவள். “அதத்தானுங்கக்கா நானும் பாத்துட்டு இருக்கறேன்” என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். ஆய்வேட்டின் ஐந்தாம் இயலில் மாரியாத்தாளின் அந்தக் கேள்வியைத்தான் முதல் வரியாக எழுதினாள்.

அதன் பிறகு அவள் டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். இங்கே ஆனைமலையிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களே, உங்கள் வீடுகளுக்கும் வந்தாள். பிள்ளையைக் காய்ச்சலில் இழந்தவர்கள், கணவனைப் பாம்புக் கடியில் இழந்தவர்கள், கன்றுக்குட்டியை இழந்தவர்கள்கூட, எல்லோரும் ‘கொன்னுபோட்டேன்’ என்று சொன்னீர்கள். ‘உட்டுப்போட்டேன்’ என்று சொன்னீர்கள். ஒவ்வொன்றையும் பதிவு செய்தாள். ஒவ்வொருவரிடமும் கடைசியில் ஒரே கேள்வி கேட்டாள்: “இத நான் கோர்ட்டுல போட்டுக் காட்டலாமுங்களா?” சரி என்றவர்களின் குரலை வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்றவர்களின் குரலை அவர்கள் முன்னாலேயே அழித்தாள்.

அதில் ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை விழுந்த கிணறு இருக்கும் அந்தத் தோப்புக்கு நாங்கள் போனோம். தோப்புக்காரர் பாலுசாமி வயதானவர். எந்த ஊரு, யாரு மகள் என்று கயலிடம் கேட்டார். தோட்டத்து வேலைக்காரர் பேத்தி என்று அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் எங்களை உள்ளே அழைக்கவில்லை. வாசலிலேயே இரண்டு நாற்காலி போடச் சொல்லி, தானும் வந்து உட்கார்ந்தார். பேச்சு தேங்காய் விலையிலும் மழையிலும் சுற்றி, மெல்லக் கிணற்றுக்கு வந்தது. பெரியவர் சொன்னார்:

“சொவரு கட்டோணும், கட்டோணும்னு நெனச்சுட்டேதான் இருந்தனுங்க. இந்த வருசம், அடுத்த வருசம்னு உட்டுப்போட்டேன். நெசத்தச் சொன்னா அந்தப் புள்ளைய நானுந்தான் கொன்னுபோட்டேன்.”

டேப் சுற்றிக்கொண்டிருந்தது. இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? நிலத்துக்குச் சொந்தக்காரர், படித்தவர், ஊரில் மதிப்புள்ளவர், அதே சொல்லை அதே பொருளில் சொல்கிறார். அவர் கிணற்றில் யாரையும் தள்ளவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இதைக் கோர்ட்டில் போட்டால் போதாதா?

கயல் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “ஏனுங்க, இத நான் கோர்ட்டுல போட்டுக் காட்டலாமுங்களா?”

பெரியவர் வீட்டுக்குள்ளே ஒரு பார்வை பார்த்தார். “வேண்டாம் அம்மணி. பசங்க இருக்கறாங்க. என்னயப் புடிச்சு உள்ள போட்டாங்கன்னா? அழிச்சுருங்க.”

கயல் டேப்பைப் பின்னால் ஓட்டினாள். அந்த இடத்தை அழித்தாள். அழிந்துவிட்டதா என்று அவருக்குப் போட்டும் காட்டினாள். சர்ரென்ற சத்தம் மட்டும் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் நான் அவளிடம் கோபப்பட்டேன். “கயல், ஒரு உயிரு உள்ள கெடக்குது. கைக்கு வந்ததை அழிச்சுட்டியே” என்றேன்.

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் பதில் நிதானமாக வந்தது. “மாரியாத்தாக்கா அழுததை அவங்களக் கேக்காம எழுதிக்கிட்டதுனாலதானே அண்ணா அவங்க உள்ள இருக்கறாங்க. அதையே நானும் அந்தப் பெரியவருக்குச் செய்யோணுமா?”

அவள் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இங்கே இருக்கும் சட்டம் தெரிந்தவர்களுக்கும் அதில் இரண்டு கருத்து இருக்கலாம். நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கிணற்றுக்கு இப்போது கைப்பிடிச் சுவர் இருக்கிறது. பாலுசாமி கட்டிவிட்டார். வேறு ஒன்றும் மாறவில்லை.

கையூம் சார் மேல் கோர்ட்டில் மனுச் செய்தார். வட்டாரப் பேச்சை ஆராய்ந்த ஒருவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். மேல்முறையீட்டில் புதுச் சாட்சியைக் கூப்பிடுவது அபூர்வம். அரசு வழக்கறிஞர் எழுந்து, தமிழ்நாட்டில் தமிழுக்கு ஒரு நிபுணரா என்று கேட்டாராம். கோர்ட்டே சிரித்ததாம். ஆனாலும் நீதிபதிகள் கதவை அடைக்கவில்லை. அந்தப் பெண் வரட்டும், ஒலிநாடாக்களோடு வரட்டும், முதலில் கேட்கிறோம், பிறகு முடிவு செய்கிறோம் என்றார்கள். தேதியும் கொடுத்தார்கள்.

அன்றைக்குக் கயல்விழி எங்கள் அறைக்குள் வந்து நின்ற நிலையை என்னால் மறக்க முடியாது. “கேக்கறாங்களாம் அண்ணா. நம்ம பேச்சக் கேக்கறாங்களாம்” என்றாள். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தேதி வருவதற்கு முன் மாரியாத்தாளை ஒருமுறை பார்த்து, கோர்ட்டில் தான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றாள். அவள் சம்மதம் வேண்டுமாம். கயலுக்குக் காய்ச்சல் இருந்தது. பாவாத்தாள் அம்மா ஓய்வெடு என்றார். “போயிட்டு ஓடியாந்தர்றனுங்கம்மா” என்றாள். அம்மாதான் ரசம் சோறு கட்டிக் கொடுத்து, காந்திபுரம் வரை கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டார். அம்மா, நீங்கள் ஏற்றிவிடாவிட்டாலும் அவள் போயிருப்பாள். இங்கே இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். உங்களுக்கு மட்டும் அதை எப்படிப் புரியவைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அவள் மாரியாத்தாளைப் பார்த்தாள். சம்மதமும் வாங்கினாள். திரும்பி வரும்போது நினைவு தப்பிக்கொண்டிருந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குறை வைக்கவில்லை. இரத்தம் கொடுக்க மில்லிலிருந்து ஷிப்டு முடிந்த கையோடு வந்து நின்றார்கள். அதெல்லாம் தேவைப்படவில்லை. ஒருமுறை கண் விழித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன். நாக்கு புரளவில்லை. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. பேச்சைக் கேட்பதையே வாழ்க்கையாகக் கொண்டவள் கடைசியாகப் பேசியதை நான் கேட்டேன், எனக்கு விளங்கவில்லை. ‘தண்ணீர்’ என்றாளா, ‘டேப்’ என்றாளா, ‘அம்மா’ என்றாளா? இதில் ஒன்றை அவள் பேரில் நான் எழுதிக்கொள்ள மாட்டேன்.

அன்பானவர்களே, இனி என்ன? இப்படிப்பட்ட கூட்டங்களில் இறந்தவர் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது வழக்கம். நானும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் உள்ளதை உங்களிடம் மறைத்துச் சூளுரைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒலிநாடாக்கள் இருக்கின்றன. ஓர் அட்டைப்பெட்டி நிறைய என் மேசைமேல் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பதிவு செய்தவர் கோர்ட்டில் ஏறி, இது நான் பதிந்தது, இது இன்னார் குரல், இதில் எதையும் வெட்டவில்லை ஒட்டவில்லை என்று சொன்னால்தான் அவற்றுக்கு உயிர். இதைக் கையூம் சார் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதிந்தவர் இல்லை. சில ஊர்களுக்கு மட்டும் நான் உடன் போனேன். அந்தச் சிலவற்றுக்கு நான் சாட்சி சொல்லலாம். நான் வட்டார வழக்கை ஆராய்ந்தவன் அல்லன். ‘உனக்கு என்ன தகுதி?’ என்று கேட்டால் என்ன சொல்வேன்?

ஆய்வேடு இருக்கிறது. நாலு இயல் முடிந்திருக்கிறது. ஐந்தாவதில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. முடியாத ஆய்வேட்டை, இல்லாத மாணவியின் பெயரில் ஏற்க விதி இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பாலகோபால் சார் அதை அச்சிடுவேன் என்கிறார். செய்வார். ஆனால் ஒரு புத்தகம் சிறைக் கதவைத் திறக்குமா?

மாரியாத்தாளுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் நாங்கள் வேலூர் போகிறோம். ‘அம்மணி வல்லீங்களா?’ என்று அவள் கேட்பாள். என்ன சொல்வது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். செய்தி ஒரு வரிதான். சொல்லிவிட்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. அவளுக்காகப் பேச உலகத்தில் ஒரு ஆள் இருந்தாள். ஒரே ஆள்.

கையூம் சார் கோர்ட்டில் அவகாசம் கேட்டார். அடுத்த மாதம் வழக்கு மீண்டும் வருகிறது. நான் போகிறேன். கேட்டால் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். என்னால் தரக்கூடிய உறுதிமொழி இவ்வளவுதான். சிறியது என்று எனக்கே தெரிகிறது.

இந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஆனைமலையிலிருந்து வந்திருக்கும் குழந்தையம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கயலின் நாடாவில் அவர் குரலும் இருக்கிறது. “ஏனுங் கண்ணு, டேப்புல புடிச்ச புள்ளை போயிருச்சு. பேசுன நாங்க உசுரோடதானே இருக்கறோம். நாங்களே வந்து சொன்னா ஜட்ஜய்யா கேக்க மாட்டாருங்களா?”

நான் கையூம் சாரைப் பார்த்தேன். “மனு போடறேம்மா. அனுமதிப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. வாசல்லயே நின்னுட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்” என்றார் அவர்.

அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “கேக்கறதும் கேக்காததும் அவிங்க பாடுங்க. ரயிலு எத்தன மணிக்குன்னு சொல்லு கண்ணு.”

சேரன் எக்ஸ்பிரஸ் என்று சொன்னேன், நேரத்தையும் சொன்னேன். அவர் அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். இந்த மண்டபத்திலிருந்து எத்தனை பேர் அந்த ரயிலுக்கு வருவார்கள், போய் என்ன ஆகும், எனக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

ஆய்வாளர் கயல்விழிக்காக இப்போது எல்லோரும் எழுந்து நிற்போம்.